ஜீப் டிரைவரின் தலைச்சுற்றலும் சில கேள்விகளும்

ஜீப்பை விற்க ஆள் பார்த்துவிட்டுத்தான் போஸ் எங்கள் கிளினிக்குக்கு வந்தார். தேனியில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் நான் காது சோதிக்கும் ஆடியாலஜிஸ்டாக இருந்த காலம். இரண்டாயிரத்து நான்கோ ஐந்தோ. போஸ் காமயகவுண்டன்பட்டிக்காரர். விடியுமுன் கூலிவேலைப் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு மலைப்பாதை வழியாகக் கேரள ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போவார். பொழுது சாயக் கொண்டுவந்து இறக்கிவிடுவார். இரண்டு மாதமாகத் தலைச்சுற்றல். மாத்திரை விழுங்கியாயிற்று, ஸ்கேன் எடுத்தாயிற்று. வளைவைக் கண்டாலே காலடியில் மலை கழன்று நகர்கிறதாம். ஜீப்பைத் தவிர அவருக்கு வேறு தொழில் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் ஒரு புது வழக்கம் கொண்டுவந்திருந்தார். தலைச்சுற்றல் என்று யார் வந்தாலும், பிரஷர் பார்ப்பதுபோல, பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்குமான கேள்விகளையும் கேட்டுவிட வேண்டும். "காது தள்ளாடினா மனசு பயப்படும். மனசு பயந்துட்டா, காது சரியானப்புறமும் தள்ளாட்டம் நிக்காது. ரெண்டையும் பாக்கணும்மா" என்பார். கேட்பது என் பொறுப்பு.

நம் பக்கம் நோயாளி தனியாக வருவதில்லை. கூட வந்தவர் நோயைச் சொல்வார், நோயாளி தலையாட்டுவார். போஸுக்கான பதில்களை அவர் மனைவி ஈஸ்வரி சொன்னார்.

"ராத்திரி தூக்கம் வருதாண்ணே?"

"படுத்தா கட்டையாட்டம் கெடப்பாக."

"பயம், படபடப்பு?"

"இவுகளுக்கா? காட்டு யானைக்கே ஹாரன் அடிச்ச ஆளு!"

"எதுலயும் பிடிப்பில்லாம, சோர்வா..."

"ஏங்கக்கா, தலை சுத்துதுன்னு வந்தா கிறுக்கான்னு கேக்குறீக?"

போஸ் தலையாட்டினார். குறை ஏதுமில்லை என்று எல்லாக் கேள்விக்கும் பூஜ்யம் போட்டேன்.

அடுத்தது, காதின் சமநிலையைச் சோதிக்கும் கலோரிக் டெஸ்ட். காதுக்குள் குளிர்ந்த தண்ணீரும் பிறகு வெதுவெதுப்பான தண்ணீரும் விடுவோம். கொஞ்ச நேரம் உலகமே சுழலும். கண்மணிகள் தாமாகத் துள்ளும். நோயாளிக்குக் கனத்த லென்ஸ் கண்ணாடி மாட்டி அந்தத் துள்ளலை நான் பார்க்க வேண்டும். அறை இருட்டாக இருக்க வேண்டும் என்பதால் ஈஸ்வரியை வெளியே உட்காரவைத்தேன். நோயாளி சும்மா கிடந்தால் துள்ளல் அடங்கிவிடும். எதையாவது பேசவைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சிலரை மளிகைச் சாமான் சொல்லச் சொல்வோம்.

"உங்க ஜீப்புல வர்றவுக பேரை, உக்கார்ற வரிசையில சொல்லுங்கண்ணே" என்றேன்.

உற்சாகமாகத் தொடங்கினார். "முன்னால மாரியக்கா. அங்கன ஒட்டுனாப்புல லச்சுமி, அது பேசியே கொல்லும். பின்னால செல்வி, அவ மதினி... கடைசியா கதவோரம்..."



"நிறுத்தக்கூடாதுண்ணே."

"பஞ்சவர்ணம்" என்றார்.

தண்ணீர் வடிந்து, சுழற்சி அடங்கியும் அவர் எழவில்லை. இருட்டில் குரல் மட்டும் வந்தது. இரண்டு மாதத்துக்கு முன் காய்ச்சல் வந்து விட்ட வாரத்தில், ஒரு வளைவில்தான் முதன்முதலாகத் தலை சுற்றியிருக்கிறது. பிரேக்கை மிதித்தார். கதவோரம் இருந்த பஞ்சவர்ணம் வெளியே விழுந்து கால் முறிந்தது.

"ஒரு வார்த்தை வையல மேடம் அந்தப் பொம்பள. அதுல இருந்து வளைவுக்கு முன்னாலேயே கை நடுங்குது. நெஞ்சு அடிக்கிற அடியில எஞ்சின் சத்தமே கேக்கல. தூக்கமா? கண்ண மூடிக்கிட்டுக் கெடப்பேன். கால் ஒடிஞ்சது வீட்டுக்குத் தெரியும். இந்தப் பயத்தச் சொன்னா அவளும் பயந்துருவா."

"அந்தக் கேள்விகள மறுபடி கேக்கட்டுமா?"

"கேளுங்க."

முன்பு கேட்ட ஒன்றுக்கும் இந்த முறை பூஜ்யம் போட முடியவில்லை. செத்துப்போகலாம் என்று தோன்றியதா என்பதையும் கேட்டேன். "அப்பிடி இல்ல மேடம். ஜீப்ப வித்துட்டு எங்கனயாச்சும் போயிரலாம்னுதான்."

டெஸ்டில் இடது காதுக்குக் கண் துள்ளல் சற்று மந்தம். டாக்டர் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: "மூளையில கட்டி இல்ல. கிறுக்கும் இல்ல. காய்ச்சல்ல காது நரம்பு அடிபட்டிருக்கு, தேறிட்டு வருது. பயம்தான் இன்னும் ஸ்டியரிங்கப் பிடிச்சிருக்கு. அதுக்கும் வைத்தியம் இருக்கு."

போஸ் விட்ட மூச்சில் அவர் தோள்கள் இரண்டும் இறங்கின. அவ்வளவு நாள் யாரோ அவற்றைப் பிடித்துத் தூக்கி வைத்திருந்ததுபோல.

"அப்ப ஜீப்பு?" என்றார் ஈஸ்வரி.

"இப்ப ஓட்ட வேணாம். விக்கவும் வேணாம்."

வாங்க வந்தவரைத் திருப்பி அனுப்பினார்கள். மச்சினன் வண்டியை எடுத்தார். போஸ் மனநல மருத்துவரிடம் போனார். தலையையும் கண்ணையும் அசைக்கும் பயிற்சிகளை என்னிடம் செய்தார். பிறகு மச்சினன் பக்கத்தில் உட்கார்ந்து வளைவுகளைப் பார்த்துப் பழகினார். ஓட்டலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் சாவியைத் தொட்டார்.

"மெட்டு வரைக்கும் ஏறி எறங்கிட்டேன் மேடம். பஞ்சவர்ணமும் வேலைக்கு வந்துருச்சு. முன்சீட்டுதான் வேணும்னு ஒரே சண்ட" என்று சில மாதம் கழித்து வந்தபோது சிரித்தார்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தலைச்சுற்றல் உள்ள எல்லோரிடமும் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். காதில் குறை கண்டுவிட்டோம் என்று மனசை விட்டுவிடாதீர்கள். மனசில் கண்டுவிட்டோம் என்று காதை விட்டுவிடாதீர்கள். கேட்கும்போது அறையில் நோயாளி மட்டும் இருக்கட்டும்.

மெட்டு ஏறி இறங்கியதைச் சொன்ன அன்று போஸ் கிளம்பும்போது, வெளியே தானாகவே காத்திருந்த ஈஸ்வரி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இவுகள வெளிய உக்காரச் சொல்லுங்கக்கா. கொஞ்ச நாளா எனக்கும் கிறுகிறுன்னு வருது. என்னையத் தனியாக் கேளுங்க."

கதவைச் சாத்தினேன்.