ரோசலின் நர்ஸின் ஸ்பூன்

செவ்வாய்க்கிழமை தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில்தான் கேள்விப்பட்டேன், ரோசலின் நர்ஸ் போய்விட்டார் என்று. என்னிடம் வந்து சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. பதினோரு வருடமாக நான் அவரோடு பேசாதது கருமத்தம்பட்டிக்கே தெரியும்.

என் பேத்திக்கு அப்போது ஐந்து மாதம். சளியில் மூக்கடைத்தது, எண்ணெய் விட்டு ஊதினேன். பிறகு வயிற்றாலே போனது. பால் கொடுத்தால் இன்னும் போகும் என்று மகளைக் கொடுக்க விடவில்லை. என் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் செய்தேன். மூத்தவன் இப்படி வயிற்றாலே போய்த்தான் தங்கவில்லை, அது ஊரே அறியும்.

வீடு வீடாக வந்துகொண்டிருந்த நர்ஸ் குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். தோல் மெதுவாகத்தான் படிந்தது. பேத்தியைப் பார்க்க வந்திருந்த சம்பந்தியம்மாள் முன்னாலேயே என்னைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார்.

"பால நிறுத்துனதுனாலதானுங்க கொழந்த காஞ்சு கெடக்குது. எண்ணெய ஊதுனா நெஞ்சுக்குள்ள போயிருமுங்க."

மகளைப் பால் கொடுக்கச் சொன்னார். ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் உப்புச்சர்க்கரைப் பொட்டலத்தைக் கரைத்து, தன் பையிலிருந்த சின்ன ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். வாந்தி எடுத்தால் சற்றுப் பொறுத்து மறுபடியும். மூச்சு வேகமாக வாங்கினால் தனக்காகக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொன்னார். மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டோம், எழவில்லை.

"கொழந்த ஒண்ணுக்குப் போகட்டுமுங்க, அப்பறம் நாம் போறேன்."

சாயங்காலம் குழந்தை அவர் சேலையை நனைத்தது. சிரித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தவர் என்ன கண்டாரோ, சிரிப்பு நின்றது. யாருக்கும் கேட்காதபடி சொன்னார்: "உங்களுக்கு அன்னிக்கு ஆருஞ் சொல்லலீங்க, அக்கா."

நான் உள்ளே போய்விட்டேன்.

சம்பந்தி முன்னால் திட்டியதற்குத்தான் கோபம் என்று ஊர் நினைத்தது. நானும் அப்படியே விட்டுவிட்டேன். அவர் வாசலைக் கடக்கும்போதெல்லாம், "ஏனுங்க, பேத்தி நல்லா இருக்குதுங்களா?" என்று பக்கத்து வீட்டைப் பார்த்துக் கேட்பார். பக்கத்து வீட்டில் பேத்தியே கிடையாது. நான் ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. மறந்துவிட்டுப் போன ஸ்பூனையும் அவர் கேட்கவில்லை.

கல்லறைத் தோட்டத்துக்கு அதை முந்தானையில் முடிந்துகொண்டு போனேன். யாரிடம் கொடுப்பது? திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

பேத்தி ஈரோட்டில் ஆறாவது படிக்கிறாள். நன்றாக இருக்கிறாள், நர்சம்மா. வாசலில் நின்று கேட்கத்தான் இப்போது யாருமில்லை. ஸ்பூனும், அன்று நீங்கள் மெதுவாகச் சொன்ன அந்த வார்த்தையும் என்னிடம் இருக்கின்றன. இரண்டையும் நான் திருப்பித் தருவதாக இல்லை.