நாலு கை ஸ்டேரிங்

கண்ணாடிக்கார அக்காவின் பிக்கப் வண்டி அவளோடு சேர்ந்தே கிழடு தட்டியது. வீம்பிலும் அவளுக்குச் சளைத்ததல்ல. அதன் ஸ்டேரிங் இருக்கிறதே, தம் கட்டி, காலை ஊன்றி, உடம்பையே சாய்த்து இழுத்தால்தான் போனால் போகிறதென்று திரும்பும். அந்த வண்டியைத் தன்னைத் தவிர ஒருவராலும் ஓட்ட முடியாது என்பதில் அக்காவுக்கு ஏகப்பட்ட கர்வம். கண்ணாடிக்கடை ஒன்றிலிருந்து ஜன்னல் கண்ணாடியும் நிலைக்கண்ணாடியும் ஏற்றிக்கொண்டுபோய் வீடு வீடாக இறக்குவதுதான் அவள் பிழைப்பு. ஒரு கீறல் விழாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பாள் என்று பேர்.

அப்படிப்பட்டவளின் வலது தோள் திடீரென்று மக்கர் பண்ண ஆரம்பித்தது. தலை வாரக்கூடக் கை மேலே போகவில்லை. டாக்டர், "பாரமா எதையும் இழுக்காதீங்க" என்றார். இழுக்காமல் அந்த வண்டியை எப்படி ஓட்டுவது? வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்து அக்கா வாயே திறக்கவில்லை. கண்டுபிடித்தது அவள் புருஷன்தான். தையல்காரர், சரியான ஒல்லிப்பிச்சான். ஒரு வார்த்தை கேட்காமல், மறுநாள் காலை தன் கடையைச் சாத்திவிட்டு வண்டியில் அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

அன்றிலிருந்து திருப்பம் வந்தால் அவள் "இழுங்க" என்பாள். அவர் எட்டிப் பிடித்து இழுப்பார். "விடுங்க" என்றால் விடுவார். வண்டி நாலு கையால் ஓடியது. ரோடு நேராகப் போனால் பேச்சு. கல்யாணமானதிலிருந்து அவர் தையல் மிஷினோடும் இவள் ரோட்டோடுமாகக் காலம் தள்ளியவர்கள். பேச வேண்டியது எக்கச்சக்கமாக மிச்சமிருந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் எத்தனை நாள் மறைப்பது? கண்ணாடிக்கடை முதலாளி ஒருநாள் முனையில் நின்று கண்ணாலேயே பார்த்துவிட்டார்.

"என்னக்கா இது, ஸ்டேரிங்கா, கயிறு இழுக்கற போட்டியா? ஒரு ஆளா ஓட்ட முடிஞ்சா சொல்லுங்க. இல்லேன்னா நான் வேற வண்டி பாத்துக்கறேன். கோவிச்சுக்காதீங்க, கண்ணாடி சமாச்சாரம்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதனால்தான் அக்காவுக்கு அழுகை அழுகையாக வந்தது.

மெக்கானிக்கான கொழுந்தன்தான் வழி சொன்னான். "பவர் ஸ்டேரிங் வச்சுடலாம், அண்ணி. இதே வண்டியில பின்னாடி வந்த மாடல் ஒண்ணு அடிபட்டு நம்ம பட்டறையில நசுங்கிக் கிடக்கு. ஆனா ஸ்டேரிங் பாக்ஸ், பம்ப்பு ரெண்டும் நல்லா இருக்கு."

"இந்தக் கிழவிக்குப் பவர் ஸ்டேரிங்கா?"

"வண்டியச் சொல்றீங்களா, உங்களச் சொல்றீங்களா?"

"போடா, போய் வேலையப் பாரு!"

பார்த்தான். பழைய பாக்ஸைக் கழற்றிவிட்டு, நசுங்கின வண்டியின் பாக்ஸை மாட்டினான். எஞ்சின் பக்கத்தில் பம்ப்புக்கு இடமே இல்லை; இரும்புத் தகட்டை வெட்டி, வெல்டிங் வைத்து, தானே ஒரு தாங்கி செய்தான். பெல்ட் துளி கோணினாலும் கீச்சென்று கத்தியது. கழற்றிக் கழற்றி மாட்டினான். கடைசியில் ஆயில் ஊற்றி, முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, "குழாய்ல இருக்கற காத்து வெளிய போகணும் அண்ணி, இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் திருப்பிட்டே இருங்க" என்றான். அக்கா வலிக்கிற கையை மடியில் போட்டுக்கொண்டு இடக்கையால் திருப்பினாள். வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. அவளுக்குச் சிரிப்பு தாளவில்லை.

மறுநாள் ஆளுயர நிலைக்கண்ணாடி ஒன்றை ஏற்றி, மரச்சட்டத்தில் சாய்த்துக் கட்டியாயிற்று. முதலாளி கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "கையே வைக்க மாட்டேன்" என்று சத்தியம் பண்ணிவிட்டுத் தையல்காரரும் ஏறிக்கொண்டார்.

கடையை ஒட்டியே முதல் திருப்பம். பழக்கதோஷம் யாரை விட்டது? அக்கா காலை ஊன்றி, உடம்பைச் சாய்த்து, "இழுங்க!" என்றாள். சத்தியத்தை மறந்து அவரும் இழுத்தார். தொட்டால் திரும்புகிற ஸ்டேரிங்கை ரெண்டு பேர் சேர்ந்து இழுத்தால் என்ன ஆகும்? வண்டி வெடுக்கென்று வளைந்து நடைபாதையில் ஏறி, கடையின் போர்டுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. பின்னால் கண்ணாடி 'ணங்' என்றது.

முதலாளி ஓடிவந்து பார்த்தார். கண்ணாடியில் அவருடைய வெளிறிப்போன முகம் தெரிந்தது; கீறல் எதுவும் தெரியவில்லை.

"அண்ணே, நீங்க மொதல்ல இறங்குங்க!"

தையல்காரர் தலையைச் சொறிந்துகொண்டே இறங்கினார். அக்கா ஒற்றைக் கையால் வண்டியைப் பின்னால் எடுத்து, ஒடித்து, குலுங்காமல் ரோட்டில் இறக்கினாள். முதலாளி வந்து கண்ணாடியின் கட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு, "பாத்துப் போயிட்டு வாங்கக்கா" என்றார். அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அதற்கப்புறம் தினமும் தனியாகத்தான் ஓட்டினாள். தோளும் மெல்ல மெல்ல இளகியது. சந்தோஷமாகத்தானே இருக்க வேண்டும்? ஆனால் ரோடு நேராகப் போகும்போதெல்லாம் ஏதோ சொல்ல வாயெடுப்பாள். பக்கத்தில் ஆள் இருக்காது. பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் காலை தையல் கடை முன்னால் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தாள்.

கழுத்தில் தொங்கும் டேப்போடு அவர் ஓடிவந்தார். "என்னாச்சு? தோள் வலிக்குதா?"

"தோளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம்?"

"நீங்க இல்லாம ஓட்டப் பிடிக்கல. ஏறுங்க."

"இப்ப நான் எதுக்கு? வேலை கிடக்கு. முதலாளி வேற பாத்தாருன்னா..."

"ஸ்டேரிங்கத் தொட்டாத்தானே அவரு கேப்பாரு?"

அவர் யோசித்தார். உள்ளே போய், பட்டன் வைக்க வேண்டிய சட்டைகளை அள்ளிக்கொண்டு வந்து ஏறினார். முனையில் வண்டி வளைந்து திரும்பியது. அவர் தலை நிமிராமல் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.