எல்லம்மாவின் கொல்லையும் கத்துகிற லேப்டாப்பும்

போராட்டக்காரனின் தொழிலுக்குத் தொண்டைதான் மூலதனம். அந்தத் தொண்டையையும் மிஞ்சிக் கத்துகிற ஒரு கருவியோடு குடித்தனம் நடத்தியவன் நான். பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு அவதிப்படுகிற தோழர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் எங்கள் ஜவ்வாது மலைக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை வரிசை மாறாமல் சொல்லிவிடுகிறேன். முதலாவது, ரோடு கேட்டோம். ரோடு போட்டதாகப் பலகை வைத்தார்கள். இரண்டாவது, பஸ் கேட்டோம். மாலை போட்டு வரவேற்றோம், மாலை வாடுவதற்குள் பஸ் நின்றுபோனது. மூன்றாவது, ரேஷன் கடை கேட்டோம். கடை வந்தது, திறக்க ஆள் வரவில்லை. நான்காவது, உழுகிற நிலத்துக்கு உரிமை கேட்டோம். அது காடு என்றார்கள். ஐந்தாவதுதான் இந்த லேப்டாப்.

அப்பளம்

சென்னையில் ஒரு கம்பெனி அதிகாரி, என் பேச்சைக் கேட்டு உருகியவர், தான் ஓட்டித் தேய்த்த ஆபீஸ் லேப்டாப்பை எங்கள் மலை மக்கள் சங்கத்துக்குக் கொடுத்தார். விமானத்தில் பறக்கிறவர்களுக்காகச் செய்தது. இரண்டு விரலில் தூக்கலாம். அதில்தான் எல்லம்மாவுக்கான சாட்சியத்தைப் பதிவு செய்து வைத்தோம். எல்லம்மா கணவனை இழந்தவர். கொல்லை என்று நாங்கள் சொல்கிற, அவர் சாமை விதைக்கிற நிலத்தை வனத்துறை காடு என்கிறது. தலைமுறை தலைமுறையாக அந்தக் குடும்பம்தான் உழுகிறது என்று பொன்னாண்டி என்கிற பெரியவர் வீடியோவில் எல்லை சொன்னார். சொன்ன அடுத்த மாதமே காலமானார். அந்தக் குரல் ஒன்றுதான் எல்லம்மாவுக்கு மிச்சமிருக்கிற சாட்சி. பெரியவர்களின் வாக்குமூலத்தைக் கிராம சபை ஏற்கலாம் என்று சட்டமே சொல்கிறது. துண்டறிக்கையில் சட்டம் படித்தவன்தான் சொல்கிறேன், வேண்டுமானால் வக்கீலைக் கேட்டுப்பாருங்கள்.

எல்லம்மா லேப்டாப்பைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா தோழரே, அப்பளம் கணக்கா கீது. இதுக்குள்ளயா என் கொல்லைய வெச்சிகீற?"

ஜெனரேட்டர்

சங்கத்துக்குத் தனிக் கட்டடம் கிடையாது. பொருளாளர் ராசு நடத்துகிற சாமை மில்லின் ஒரு மூலைதான் ஆபீஸ். மலைக்குளிர் ஆகாது என்று ராசு லேப்டாப்பைக் கம்பளியில் சுற்றி, சாமை மூட்டையின் மேல் படுக்க வைப்பார். வேலை செய்யும்போதுகூடப் போர்வையை எடுக்க விடமாட்டார். கொஞ்ச நாளில் உள்ளே இருக்கிற ஃபேன் முனக ஆரம்பித்தது, பிறகு ஊளையிட்டது, கடைசியில் மில்லுக்கே போட்டியாக நின்றது.

மலைக்குக் கீழே ஒடுகத்தூரில் ஆர்ப்பாட்டம். கோரிக்கைகளைத் திரையில் பார்த்துப் படிக்கலாமென்று லேப்டாப்பைத் திறந்தேன். "கண்டிக்கிறோம்" என்று நான் ஆரம்பிப்பதற்குள் அது ஆரம்பித்துவிட்டது. பந்தோபஸ்துக்கு வந்த எஸ்.ஐ. கூட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மேடைக்கு அடியில் குனிந்து தேடினார்.

"மைக்குக்குத்தானய்யா பர்மிஷன் வாங்கின? ஜெனரேட்டர எங்க ஒளிச்சி வெச்சிகீற?"

மாவு

எல்லம்மாவின் மனு கிராம சபைக்கு வந்தது. வனத்துறை அதிகாரி நாற்காலியில், மக்கள் புளியமரத்தடியில். லேப்டாப் உயிர் பெறுவதற்குள் அதிகாரி ஒரு டீ குடித்து, இன்னொரு டீயும் குடித்தார். பொன்னாண்டியின் முகம் தெரிந்தது, வாய் அசைந்தது. ஏற்கெனவே மெலிந்த குரல். ஃபேன் அதை முழுசாகத் தின்றுவிட்டது. ஸ்பீக்கர் செருகுகிற துளை எப்போதோ செத்திருந்தது. செல்போனுக்கு மாற்றியிருக்கலாமே என்பீர்கள். மாற்றினால் ஜோடித்தது என்பார்கள், மூலத்தைத்தான் காட்ட வேண்டும் என்று சங்கத்தில் தீர்மானமே போட்டிருந்தோம்.

எல்லம்மா திரையில் காதை ஒட்டிக்கொண்டு, "பலா மரத்தச் சொல்றாரு சார், நல்லா கேளுங்க சார்" என்று கெஞ்சினார். சாட்சியம் கேட்கவில்லை, அடுத்த சபையிலும் கேட்காவிட்டால் மனு தள்ளுபடி என்று ஊராட்சிச் செயலரை எழுதச் சொன்னார் அதிகாரி. சபையில் அப்படிச் சொல்ல அவருக்கு அதிகாரமே கிடையாது என்று முழங்கினேன். என் முழக்கத்தையும் ஃபேன் தின்றது. அதிகாரி என்னைப் பார்த்துக் கேட்டார்:

"பெரியவரு எல்லை சொல்றாரா, மாவு அரைக்கிறாரா?"

வரலாறு

லேப்டாப்பில் இடமே இல்லை, அதனால்தான் திணறுகிறது, எதையாவது அழியுங்கள் என்று விவரம் தெரிந்த ஒருவர் சொன்னார். சங்கம் என்றால் சனநாயகம், பொதுக்குழுவைக் கூட்டினோம். உள்ளே பார்த்தால் எல்லாம் படங்கள். நான் பேசுவது, நான் மாலை வாங்குவது, நான் கைதாவது, வேனில் ஏறும்போது கையசைப்பது, கை அசைந்ததால் மங்கிப்போன அதே படம் இன்னொரு முறை. வரலாற்றை அழிக்கச் சம்மதிக்க மாட்டேன் என்றேன். ராசு தன் உண்ணாவிரதப் படங்களுக்காக மறுபடியும் உண்ணாவிரதம் இருக்கத் தயாரானார்.

எதுதான் அதிக இடத்தை அடைக்கிறது என்று தேடினோம். பொன்னாண்டியின் வீடியோ. எல்லோரும் ஒரே நேரத்தில் தொண்டையைச் செருமினார்கள். எல்லம்மா எழுந்து நின்றார்.

"நீ மாலை போட்டுகின போட்டோவ அழி தோழரே. என் கொல்ல மேல கை வெச்ச, உனக்கு நானே மாலை போட்டுடுவேன்."

உமி

ஒடுகத்தூரில் ரிப்பேர் கடை வைத்திருக்கிற ஜாபர் பாயிடம் கொண்டுபோனேன். அடிமூடியைக் கழற்றினார். ஃபேன் இருக்க வேண்டிய இடத்தில் சாமை உமியும் கம்பளி நூலும் சேர்ந்து ஒரு குருவிக்கூடு இருந்தது. காற்று போக வழியில்லாமல், சூடு தாங்காமல், வேலையையே மெதுவாக்கிக்கொண்டிருக்கிறது என்றார். கூட்டைப் பிரித்து, தேய்ந்த ஃபேனையும் மாற்றினார்.

மெமரியைக் கூட்ட முடியுமா என்றேன். முடியாது, போர்டோடு சேர்த்துப் பற்றவைத்துவிட்டார்கள் என்றார். உழைக்கிறவனை வளரவிடாத சூழ்ச்சி இது என்று நான் ஆரம்பித்தேன். பாய் ஸ்குரூ தேடுகிற சாக்கில் மேஜைக்கு அடியில் போய்விட்டார். நான் முடித்த பிறகுதான் வெளியே வந்தார். ஸ்டோரேஜை மாற்றலாம் என்றார். சூயிங்கம் பட்டை மாதிரி இருந்த பழைய எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி, இந்த லேப்டாப் ஏற்கிற வகையாகப் பார்த்துப் பெரியதாக ஒன்றை மாட்டி, பழையதில் இருந்ததையெல்லாம் அப்படியே ஏற்றினார். பொன்னாண்டி பிழைத்தார். என் கையசைப்பும் பிழைத்தது.

மேஜை மேல் குவிந்ததைப் பாய் ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

"இத எடுத்துகினு போங்க தோழரே, கோழிக்காவது ஆவும். கம்பளிய இனிமே நீங்க போத்திக்கங்க."

ஊமை

அடுத்த கிராம சபை. அதே புளியமரம், அதே அதிகாரி. லேப்டாப்பைத் திறந்தேன். ஒரு சத்தமும் இல்லை. கத்தாத லேப்டாப் எப்படி இருக்கும் என்பதையே ராசு மறந்துபோயிருந்தார். "செத்துட்ச்சி தோழரே!" என்று பாய்ந்து பட்டனை அமுக்கிப் பிடித்தார். அவர் பிடித்த பிடியில் அது உண்மையாகவே அணைந்தது.

எல்லம்மா ராசுவைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் விவரிக்க விரும்பவில்லை. "மறுபடியும் ரெண்டு டீக்கு என்னால உக்கார முடியாது. தள்ளுபடின்னு எழுதுங்க" என்று சொல்லிவிட்டு அதிகாரி, தான் கழற்றிப் போட்டிருந்த செருப்பைக் காலால் தேடினார். நான் பட்டனைத் தட்டினேன். அவர் ஒரு செருப்பை மாட்டுவதற்குள் திரை வெளிச்சமானது. இன்னொரு செருப்பு அகப்படுவதற்குள் பொன்னாண்டி பேசிக்கொண்டிருந்தார்.

"தெக்க பலா மரம், வடக்க ஒத்தப் பாறை. நடுவுல இருக்கறது இவ மாமனாரோட அப்பன் காலத்துலருந்து ஒழுத கொல்ல. காடு இல்ல. நான் பார்த்துகினுதான இருந்தேன்."

கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. அதிகாரி ஒற்றைச் செருப்போடு உட்கார்ந்தார். மனுவை ஏற்கிறவர்கள் கை தூக்கலாம் என்று செயலர் சொன்னதும் மரத்தடி முழுக்கக் கைகள். செயலர் தீர்மானத்தை வாய்க்குள்ளேயே படித்து முடிக்கப் பார்த்தார். எல்லம்மா விடவில்லை.

"முணுமுணுக்காதீங்க சார். அந்தச் சனியன்தான் இப்ப கத்தலியே. என் பேர ஊருக்கே கேக்கற மாதிரி படிங்க."

இத்தனை வருடம் நான் தொண்டை கிழியக் கத்தியும் எந்தச் சர்க்கார் வாயிலிருந்தும் வராத அந்தப் பெயர், ஒரு லேப்டாப் வாயை மூடிக்கொண்ட அன்றைக்குத்தான் கை தூக்கிய அத்தனை சாட்சிகள் முன்னாலும் உரக்கப் படிக்கப்பட்டது: "எல்லம்மாள்."