மங்களத்துக்கு அப்புறம் பாட்டு கிடையாது

எனக்குக் கோபம் அதிகம் என்று டெல்லியில் இருந்த காலம் முழுக்கச் சொன்னார்கள். ஆமாம், அதிகம்தான். எமர்ஜென்சியின்போது எங்கள் சர்க்கார் குவார்ட்டர்ஸில் நடந்ததைக் கேட்டுவிட்டு, கோபப்படாமல் இருப்பது எப்படி என்று யாராவது எனக்குச் சொல்லிக்கொடுக்கட்டும்.

பகலில் ஒரு மந்திராலயத்தில் டைப் அடிப்பேன். காலனிக்கு மட்டும் நான் பாடுகிறவள். பஜனை கோஷ்டியில் முதல் குரல் என்னுடையது. மார்கழியில், பல் கிட்டிப்போகிற குளிரில், புடவைமேல் ஸ்வெட்டரும் சால்வையும், காலில் கணவரின் சாக்ஸுமாக விடியற்காலையில் தெருத்தெருவாகப் பாடிக்கொண்டு போவோம். நான் ஓர் அடி எடுத்துக்கொடுத்தால் பின்னால் அத்தனை பேரும் வாங்கிப் பாடுவார்கள். கடைசியில் மங்களம், கற்பூரம். மங்களம் பாடியாகிவிட்டால் தீர்ந்தது, அதற்குமேல் யார் வந்து கெஞ்சினாலும் அன்றைக்கு ஒரு பாட்டு கிடையாது. எங்கள் பஜனையில் யாரும் மீறாத வழக்கம் அது. அந்தப் பாட்டுக்காகத்தான் மீதி நேரமெல்லாம் அந்த ஊரில் குப்பை கொட்டினேன்.

எமர்ஜென்சி வந்ததும் ஆபீசில் டீ குடிக்கும்போதுகூட எல்லோரும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் காலனிக்குப் பின்னாலிருந்த குடிசைகளை ஒரே காலையில் இடித்துத் தள்ளினார்கள். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்தவளையும் அவள் குழந்தைகளையும் லாரியில் ஏற்றி, யமுனைக்கு அந்தப் பக்கம் பொட்டல்வெளியில் இறக்கிவிட்டார்கள். நான் கொடுத்திருந்த கம்பளியும் இடிபாட்டோடு போயிற்று. அவள் மறுநாள் நடந்தே வந்து சம்பளப் பாக்கியை வாங்கிக்கொண்டு, "இனிமே வர முடியாது பீபிஜி" என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனாள்.

அதே வாரம் பஜனைக் கமிட்டியின் காரியதரிசி எங்கள் வீட்டுக்கு வந்தார். மேலதிகாரியைக் கேட்காமல் ஃபைலில் ஒரு கமாகூடப் போடாத மனுஷர்.

"மாமி, மார்கழி கடைசி நாள் பஜனைக்கு எங்க ஜாயிண்ட் செக்ரட்டரி வரார். மங்களத்தை மட்டும் கொஞ்சம் மாத்திப் பாடிடுங்கோ. நானே எழுதிண்டு வந்திருக்கேன்."

வாங்கிப் பார்த்தேன். மெட்டு பழைய மெட்டுதான். பெருமாள் இருந்த இடத்தில் பிரதமர் இருந்தார். நாட்டைக் காக்க வந்த தாயாம், ஏழைக்கு வீடு தந்த தாயாம்.

"இதை எழுதச் சொல்லி யார் கேட்டா?"

"யாரும் கேக்கலை. கேக்கறதுக்கு முன்னாடியே பண்ணிட்டா நல்லதில்லையா?"

"எங்காத்துல பாத்திரம் தேச்சவ இருக்காளே, அவகிட்டப் போய் இந்த வீடு தந்த கதையைப் பாடிக் காட்டுங்கோ. அப்புறம் நான் பாடறேன்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். சாயங்காலம் என் கணவர் ஆரம்பித்தார். "பாட்டுதானேடி? சும்மா வாயை அசைச்சுட்டு வந்துடேன். ரெண்டு பேருக்கும் சர்க்கார் உத்தியோகம்."

"ஏன்னா, ஸ்வாமியைப் பாடறதும் இதே வாய்தான். எனக்கு வேற வாய் இல்லை" என்றேன். அவர் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டார்.

கடைசி நாள் அதிகாரி வந்தார். இந்திக்காரர், தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. நான் எல்லாவற்றையும் பாடினேன், மங்களம் வந்ததும் வாயை மூடிக்கொண்டேன். காரியதரிசியே உடைந்த குரலில் எடுத்தார். இத்தனை வருஷம் என் பின்னால் பாடியவர்கள் அத்தனை பேரும் அவர் பின்னால் பாடினார்கள். அதிகாரி பக்தியோடு கண்ணை மூடிக் கைகூப்பிக்கொண்டிருந்தார். பிறகு பொங்கலைத் தொன்னையில் வாங்கிக்கொண்டு, "பஹுத் அச்சா! இது எந்த பகவானோட பஜன்?" என்று இந்தியில் கேட்டாரே பார்க்கணும்! காரியதரிசி குழைந்து குழைந்து விளக்கினார். அந்த மனுஷருக்கு முகம் வெளுத்துவிட்டது. "நான் பிரசாதத்துக்கு வந்தேன். இதெல்லாம் எதுக்கு? என் பேர் எதுலயாவது வருதா?" என்று கேட்டுவிட்டு, ஜல்தி ஜல்தி என்று டிரைவரை விரட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

யாருமே மிரட்டவில்லை. யாருமே கேட்கவில்லை. இதற்கா அத்தனை நடுக்கம்!

அதற்கப்புறம் என்னைப் பஜனைக்குக் கூப்பிடவில்லை. வராதே என்று சொல்லவாவது ஒருத்தருக்கு முதுகெலும்பு இருந்ததா? பால் பூத்தில் என்னைக் கண்டால் மாமிகள் வேறுபக்கம் திரும்பிக்கொண்டார்கள். அடுத்த மார்கழியில் சமையலறை ஜன்னலருகே நின்று கேட்டேன். எங்கள் வாசல் வந்ததும் கோஷ்டி நடையை எட்டிப் போட்டது. முதல் குரலுக்குச் சுருதி சேரவில்லை. உள்ளேயிருந்தே நான் அந்த அடியைச் சேர்த்துப் பாடினேன். பாதியில் அழுகை வந்துவிட்டது. துக்கமும் கோபமுமாக அழுதேன்.

மார்ச்சில் எலெக்‌ஷன். ஆட்சி கவிழ்ந்தது. தெருவெல்லாம் டோலக் அடித்து லட்டு கொடுத்தார்கள். காரியதரிசி முப்பத்திரண்டு பல்லும் தெரிய வந்து நின்றார்.

"மாமி, ராமநவமி பஜனைக்கு நீங்கதான் எடுத்துக்கொடுக்கணும். அப்பப்பா, நாம எல்லாரும் எத்தனை கஷ்டப்பட்டோம்!"

நாம எல்லாருமாம்! கதவைச் சாத்தியிருக்க வேண்டும். சாத்தவில்லை. பாட வேண்டும் என்று அவ்வளவு தவிப்பு எனக்கு. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். ஜமக்காளத்தில் என் பழைய இடத்தைக் காலியாக வைத்திருந்தார்கள். ஆர்மோனியத்தில் சுருதி கூடியதும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்போது காரியதரிசி என் காதருகே குனிந்தார்.

"மங்களத்துக்குப் புதுசா எழுதியிருக்கேன். புது கவர்மெண்ட் இல்லையா? வேற ஒரு பெரிய ஆபீசர் வரார். மெட்டு அதேதான், உங்களுக்குச் சிரமமே இல்லை."

வாசலில் அந்தப் பெரிய ஆபீசர் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் செய்யப்போவதைச் செய்தால் இந்த இடம் எனக்கு இனி என்றைக்குமே கிடையாது. அது நன்றாகத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு முதல் பாட்டாக மங்களத்தையே எடுத்தேன். பெருமாளுடைய பழைய மங்களம். எல்லோரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பழக்கதோஷம், பின்னால் அத்தனை பேரும் வாங்கிப் பாடினார்கள். பூஜை பண்ணும் வாத்தியார் திருதிருவென்று விழித்துவிட்டுக் கற்பூரத்தை ஏற்றினார்.

"ஐயையோ மாமி, இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே! என்ன காரியம் பண்ணிட்டேள்!" என்று பதறினார் காரியதரிசி. புது மங்களம் அவர் கையிலேயே இருந்தது.

கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"மங்களம் ஆயிடுத்து. எல்லாரும் எழுந்திருங்கோ" என்றேன்.