முகத்துவாரம் வெட்டிய காலையும் இருபது எட்டுத் தூரமும்

புயல் கரையைக் கடந்து இரண்டாம் நாள். ஐந்து நாளாக மூடிக் கிடந்த வானம் வெளுத்து, வவுனியாவில் பளிச்சென்று வெயில் எறித்த காலை. ஆறு மணிக்கு ரமேஷின் அழைப்பு. முன்பு என்னோடு ஒரே கடையில் வேலை செய்தவன், இப்போது முல்லைத்தீவில் வற்றாப்பளைப் பக்கம் இரண்டரை ஏக்கர் வயல் செய்கிறான்.

"அண்ணை, இண்டைக்கு முகத்துவாரம் வெட்டுறம். பாக்கோணுமெண்டா உடன வெளிக்கிடுங்கோ."

மழைக்குக் கடல்நீரேரி நிரம்பி வயல்களுக்குள் ஏறிவிட்டால், ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல் திட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவார்கள். அதை நேரில் பார்க்க எத்தனை வருட ஆசை! அன்று பல் தீட்டினேனா என்பதுகூட ஞாபகமில்லை. 6.20க்கு மோட்டார் சைக்கிள் வீதியில் ஏறியது.

புளியங்குளம் வரை ஏ9 வீதியில் அரை மணித்தியாலம். அங்கே ஒரு பிளேன்ரீ, இரண்டு வடை, 160 ரூபாய். பிறகு வலப்பக்கம் திரும்பி நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் வழி. ஓரிடத்தில் குளம் நிரம்பி வான் பாய்ந்து வீதியை மூடியிருந்தது. எதிரே வந்த உழவு இயந்திரக்காரர் நிறுத்தி, "வலக்கைப் பக்கத்தால உருட்டிக்கொண்டு போங்கோ தம்பி, மற்றப் பக்கம் தாரை வெள்ளம் அரிச்சுப் போட்டுது" என்றார். தண்ணீர் குறையட்டும் என்று நாற்பது நிமிடம் காத்திருந்து, அவர் சொன்னபடியே போனேன். முல்லைத்தீவுக் கடற்கரையைத் தொட்டபோது 9.35. மொத்தம் 81 கிலோமீற்றர். போகவர நான்கு லீற்றர் பெற்றோல்.

திட்டின் அகலம் ஐம்பது மீற்றர் இருக்கும். ஒரு பக்கம் செம்மண் நிறத்தில் ஏரி, மற்றப் பக்கம் இன்னும் கோபம் ஆறாத கடல். ஏரி கடலைவிட இடுப்பளவு உயரத்தில் நிற்பது கண்ணுக்கே தெரிந்தது. அனுமதி வாங்கி, கடல் வற்றுகிற நேரம் பார்த்து, மீனவரும் வயல்காரருமாக முழங்கால் ஆழத்தில் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

ரமேஷின் கண் சிவந்திருந்தது. "இருவத்தஞ்சு நாள் பயிர் அண்ணை. மூண்டு நாளாத் தண்ணிக்குள்ள தாண்டு கிடக்கு. நாளைக்கு விடியேக்க தண்ணி இறங்காட்டி எல்லாம் அழுகிடும்." அவனுக்கு இந்த வருடம் வேறு வருமானம் கிடையாது.

வேலையை நடத்தியவர் ஜெறோம் அண்ணை, அந்தக் கரையில் வலை இழுக்கிறவர். எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "விளிம்புக்குப் போற ஆள் இடுப்பில கயிறு கட்டோணும், பின்னால ரெண்டு பேர் பிடிக்கோணும். கையால வெட்டுறது முதல் அரை மணித்தியாலம்தான். பிறகு தண்ணியே வெட்டும், ஒருத்தரும் கிட்டப் போகக் கூடாது."

10.25க்குக் கடைசி மண்ணையும் எடுத்தார்கள். முதலில் ஒரு சாண் அகலத்தில் வெட்கப்பட்டுக்கொண்டு போன தண்ணீர், பத்தே நிமிடத்தில் உறுமத் தொடங்கியது. இரு கரையும் கேக் வெட்டினாற்போல் துண்டு துண்டாக விழுந்தன. நான் தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத மனிதரைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன், அவரும் குதித்தார்!

ரமேஷுக்கு அது போதவில்லை. "இன்னும் கொஞ்சம் அகட்டினாக் கெதியா இறங்கும்" என்று மண்வெட்டியோடு நடந்தான். வயலில் களிமண் வரம்பின் ஓரத்தில் நின்று தண்ணீருக்கு வாய் வெட்டிப் பழகிய கால் அது. களி ஆளைத் தாங்கும், கடல்மணல் தாங்காது. ஜெறோம் அண்ணை ஓடிப்போய் அவன் இடுப்பில் கயிற்றைக் கட்டி, "ரெண்டே ரெண்டு வெட்டு, வந்திடோணும்" என்றார். மறுமுனையை அவரும் நானும் பிடித்தோம். நான் ஒரு கையால். மற்றக் கையில் போன், வீடியோ ஓடியபடி.

சத்தமே இல்லை. அவன் நின்ற இடம், ஒரு கட்டில் அளவு துண்டு, அப்படியே கீழே இறங்கியது. கயிறு என் உள்ளங்கையை எரித்துக்கொண்டு ஓடியது. போனைப் பின்னால் எறிந்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்தபடி மணலில் உட்கார்ந்துவிட்டேன். ரமேஷின் தலை ஒருதரம் மறைந்தது. அந்த நேரம் எனக்கு வந்த பயத்தை எழுதத் தெரியவில்லை. இன்னும் நாலைந்து பேர் ஓடிவந்து பிடிக்க, இழுத்தெடுத்தோம்.

இருமி மணல் துப்பியபடி, "மண்வெட்டி தண்ணியோட போட்டுது அண்ணை" என்றான். நான் அழுதுவிட்டேன். ஜெறோம் அண்ணை என் சிவந்த கையைப் பார்த்தார். "கயிறு பிடிக்கிற ஆளுக்கு ரெண்டு கையும் கயித்திலதான் தம்பி."

நண்பகலுக்குள் வெட்டிய வாய் முப்பது மீற்றர் விரிந்தது. பின்னேரம் நான்கு மணிக்கு வயலுக்குப் போனோம். தண்ணீருக்கு மேலே பச்சை நுனிகள்! ரமேஷ் சேற்றில் விழுந்தெழும்பி ஓடினான், பின்னால் நானும்.

நீங்களும் கட்டாயம் போய்ப் பாருங்கள். ஆனால் விளிம்பிலிருந்து இருபது எட்டு வைக்கும் தூரம் தள்ளி நில்லுங்கள், அது விழ விழப் பின்னுக்கு வாருங்கள். தனியாகப் போகவேண்டாம். வெட்டுகிறவர்கள் தள்ளிப் போ என்றால் தள்ளிப் போங்கள். சுவிசில் இருக்கும் மச்சானிடம் இதைச் சொன்னபோது, அங்கே மலையில் பனி சரிவதும் இப்படித்தான் என்றான். "பனிப்புயல் நிண்ட மறுநாள்தான் பயம். வெயில் எறிக்கும், ஆக்கள் ஆசையில வெளிக்கிடுவினம். மேலால உறுதியாக் கிடக்கும், கீழால கழண்டிருக்கும். முதல்ல ஒரு கீறல் விழும், அதைக் கண்டா நிண்டு பாக்கிறேல்லை." மணலிலும் அதே கீறல்தான் விழும், நூல் மாதிரி.

ரமேஷ் அந்த வீடியோவைக் கேட்டபடி இருக்கிறான், மனைவிக்குக் காட்டவாம். நான் இன்னும் அனுப்பவில்லை. மணல் விழுவதற்கு ஒன்பது வினாடிக்கு முன்பே, அவனுக்கும் எனக்கும் நடுவே அந்தக் கீறல் தெளிவாகத் தெரிகிறது. என் குரலும் கேட்கிறது: "ரமேஷ், இஞ்ச பாரடா, ஒருக்காச் சிரி!" அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறான்.