போர்வைக்கு அடியில் ஒன்பது அட்டை

என் மனைவி ஆஸ்பத்திரியில் மருந்துக் கிடங்குப் பொறுப்பாளர். அங்கே அவளுக்குப் பட்டப்பெயர் மோப்பக்காரி. ஏதாவது மருந்துக்குத் தட்டுப்பாடு என்று பேச்சு எழுந்தாலே, ஒவ்வொரு வார்டிலும் நர்சுகள் நாலு மாத்திரை அட்டையை அலமாரிக்குள் ஒளித்துவிடுவார்களாம். இவள் போய்த் துழாவி எடுத்துவிடுவாள். "ஆளாளுக்குப் பதுக்கினா இருக்கிற மருந்தும் இல்லாமப் போயிடும்!" இருபது வருஷமாக நான் சோற்றோடு சேர்த்து விழுங்கும் வசனம் இது.

போன மாதம் வலிப்பு மாத்திரைக்குப் பஞ்சம். ஆஸ்பத்திரி நம்பியிருந்த ஒரே ஆலையில் இயந்திரம் படுத்துவிட்டது. இரண்டு இடத்தில் வாங்குங்கள் என்று மேலிடத்துக்கு எழுதி எழுதி இவள் ஓய்ந்துபோயிருந்தாள். மாதாமாதம் வருகிறவர்களில் ஒரு தையல்காரரின் மகள், எட்டு வயது. மாத்திரை நின்றால் வலிப்பு திரும்பிவிடும். வார்டுகளை அலசியும் அந்தப் பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை வரைதான் தேறியது. புதுச் சரக்கு வர அதற்கப்புறம் பத்து நாள் ஆகும்.

நானும் அதே மாத்திரைதான் சாப்பிடுகிறேன். வியாழக்கிழமை காலை குளிருக்கு அலமாரியிலிருந்து போர்வையை உருவினேன். அடியில் என் மாத்திரை, ஒன்பது அட்டைகள்! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்து முடித்ததும் கண் கலங்கியது.

அட்டைகளைப் பையில் போட்டுக் கொண்டுபோய்க் கிடங்கு ஜன்னலில் வைத்தேன்.

"என்னங்க இது?"

"சோதனைல ஒரு வார்டு விட்டுப்போச்சு. நம்ம வீடு."

அவள் முகம் சிவந்துவிட்டது. "அன்னைக்கு பஸ்ஸுல உங்களுக்கு வந்துச்சே... அதை இன்னொரு தடவை என்னால பாக்க முடியாதுங்க."

"அந்தப் பிள்ளையோட அப்பாவால மட்டும் முடியுமா?"

அவள் அட்டைகளைத் திருப்பித் தேதி பார்த்தாள். இரண்டு காலாவதியாகியிருந்தன.

"பாத்தீங்களா, பதுக்கினா இதான் கதி!" என்று என்னை அதட்டினாளே பார்க்கலாம்!

புதுச் சரக்கு வரும்வரை எனக்குப் போதுமானதை எடுத்து வைத்தாள். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு மீதியைத் தையல்காரருக்குக் கொடுத்தாள். அவர் அதைச் சட்டைப்பைக்குள் வைத்து, பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு போனார்.

சொன்னபடி சரக்கு வந்தது. மேலிடமும் ஒருவழியாக இரண்டு ஆலைகளில் வாங்க இறங்கி வந்தது. இப்போது என் மாத்திரை ஒரு மாதத்துக்கு மட்டும் மேசைமேல் இருக்கிறது. ஆனாலும் காலையில் நான் போர்வையைத் தூக்கிப் பார்க்காமல் இருப்பதில்லை.

"மோப்பம் பிடிச்சாச்சா?" வாசலில் செருப்பை மாட்டியபடி கேட்பாள். "சரி, மாத்திரை போட்டாச்சா?"