தண்ணீர் கேட்ட குரல்

2024 ஏப்ரல் 17, புதன்கிழமை. வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்து மோட்டார் போட்டேன். தொட்டி நிறைவதற்குள் டைரியில் முந்தைய நாள் குறிப்பை எழுதி முடித்தேன். இரண்டு இட்லி, ஒரு டம்ளர் காபி. எட்டு மணி பஸ்ஸில் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பினேன். அங்கே ஓர் உரக்கடையில் கணக்கெழுதுவது என் வேலை. பஸ் நிலையத்தில் இறங்கியபோது அண்ணன் பேசிக்கொண்டிருந்தார்.

அண்ணன் இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது.

பிரச்சார ஆட்டோ ஒன்று கூம்பு ஒலிபெருக்கியுடன் என்னைக் கடந்து போனது. "தாய்மார்களே, பெரியோர்களே" என்று அண்ணன் அழைத்தார். இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை வரும் அந்தச் சிறிய செருமலும் இருந்தது. பக்கத்தில் நின்றவர்கள் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸைத் தேடினார்கள். நான் மட்டும் ஆட்டோ போன திசையைப் பார்த்தபடி நின்றேன். இத்தனைக்கும் அது பத்து நாட்களாகக் கேட்டுவந்த குரல்தான்.

தேர்தல் வந்தால் எங்கள் பகுதியில் மைக் பிடிப்பவர் அண்ணன். கட்சிக்காரர்கள் ஆட்டோவை அனுப்புவார்கள். அவர் ஏறி உட்கார்ந்து தெருத்தெருவாகப் பேசிக்கொண்டு போவார். எழுதி வைத்துப் பேசும் வழக்கம் கிடையாது. தில்லித் தலைவர்களை நான் நேரில் பார்த்ததே இல்லை. ஒருமுறை மதுரை ரோட்டில் ஒருவர் போனபோது பார்த்தது வரிசையாக வண்டிகள், பிறகு புழுதி. அவ்வளவுதான். அவர்கள் பேசுகிற மொழியும் எனக்குப் புரியாது. நாடு எப்படி ஆகும், விவசாயிக்கு என்ன கிடைக்கும், எல்லையில் நிற்கும் நம் பிள்ளைகளுக்கு என்ன செய்வார்கள் என்பதெல்லாம் எனக்கு அண்ணனின் தொண்டை வழியாகத்தான் வந்து சேர்ந்தது. எனக்குப் பிரதமர் என்றால் அண்ணனின் குரல். அவர் சொன்ன சின்னத்தில் ஒவ்வொரு முறையும் அழுத்திவிட்டு வந்தேன்.

அப்படிப் பேசிய அண்ணன் கடைசியில் மைக்கைத் தொடுவதையே விட்டுவிட்டார். சோழபுரத்தில் டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது விவசாயம் பார்க்கும் ஒரு சம்சாரி அவரிடம் வந்து, "கம்மாய்க்குத் தண்ணி வரும்னு நீதான சொன்ன? தில்லிக்காரனை நான் எங்க போய்த் தேடட்டும்? உன்னையத்தான் கேப்பேன்" என்றாராம். அன்று இரவு அண்ணன் சாப்பிடவில்லை. பிறகு ஆஸ்பத்திரியில் இருந்தபோது என்னிடம் மட்டும் சொன்னார். "இனிமே யாருக்காவும் வாயைத் தொறக்க மாட்டேன்ல. உங்க மதினிகிட்டச் சொல்லாத. தொண்டை சரியில்லைனு சொல்லி வச்சிருக்கேன்."

அந்த மனிதரைத்தான் இப்போது இரண்டு ஊர்களில் ஒரே நேரத்தில் பேச வைத்திருந்தார்கள். பழைய பதிவு ஒன்றை யாரோ பாதுகாத்து வைத்திருந்து பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிட்டார்கள். தலைவரின் பெயர் வரும் இடத்தில் மட்டும் வேறொரு இளம் குரல் ஒட்டியிருந்தது. அதற்கு முன்னும் பின்னும் அண்ணன்.

பதிவில் வெட்டாமல் விட்ட ஓர் இடம் உண்டு. முன்பெல்லாம் ஆட்டோ எங்கள் தெருவுக்கு வந்தால் வாசலில் நிற்கும். மதினி சுக்கு வெந்நீரோடு வெளியே வருவார். அதுவும் பதிவாகியிருந்தது. பேச்சு நின்று, எங்கள் இரும்புக் கேட் கிறீச்சிடுகிறது. "ஏட்டி, செத்த தண்ணி கொண்டா, தொண்டை கட்டுது" என்கிறார் அண்ணன். அந்தக் கேட் துருப்பிடித்து, அவர் போன பிறகு மாற்றிவிட்டோம். ஊர் முழுக்க, காந்தி சிலைப் பக்கம், மில் வாசலில், எங்கே ஆட்டோ போனாலும் இல்லாத அந்தக் கேட் திறந்துகொண்டிருந்தது.

பத்து நாட்களாக மதினி அந்த இடத்துக்காகக் காத்திருந்தார். சத்தம் நெருங்கியதும் எவர்சில்வர் டம்ளரோடு தெருவுக்கு ஓடுவார். திரும்பி வரும்போது டம்ளர் காலியாக இருக்கும். யார் குடித்தது என்று நான் விசாரித்ததில்லை. எனக்கிருந்த பயம் வேறு. வெள்ளிக்கிழமை ஓட்டு. செத்துப்போன மனிதர் கேட்கிறார் என்று மதினி போய் அழுத்திவிடுவார். அண்ணன் கடைசியில் கொடுக்க மறுத்த வாக்கை அவர் பெயரில் அவர் மனைவியிடமே வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

பிரச்சாரம் ஆறு மணியோடு முடிகிற நாள் அது. முதலாளி நாலு மணிக்கே கடையைச் சாத்தினார். ராஜபாளையம் வந்து இறங்கியதும் ஆட்டோவைத் தேடிப் போனேன். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, வேப்பமரத்தடியில் நின்றது. டிரைவர் பதிவை நிறுத்திவிட்டு வடை தின்றுகொண்டிருந்தார். செட்டியார்பட்டிக்காரர், எங்கள் ஆட்களைத் தெரியாதவர்.

"இதுல பேசுறது யாருன்னு தெரியுமா?"

"தெரியாது சார். பென்டிரைவ் குடுத்தாக, போடுதேன். நல்ல கொரலு. நடுவுல தண்ணி கேக்காரு பாருங்க, அந்த எடம் வந்தா எனக்கே நாக்கு வறளுது." சிரித்தார். "இங்கன ஒரு அம்மா டெய்லி டம்ளரைத் தூக்கிட்டு ஓடியாராக. வேண்டாம்னா விட மாட்டேங்காக. குடிச்சிருதேன். சுக்கு போட்ட வெந்நி. நம்ம வீட்டுல இம்புட்டுக் கவனிப்பு கெடையாது."

"அது எங்க மதினி. பேசுறது எங்க அண்ணன். எறந்துட்டாக."

வடை பாதியில் நின்றது. அவர் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தார், பிறகு என்னை.

"எங்க தெருவுக்கு மட்டும் இன்னைக்கு வராதீக" என்றேன்.

தலையாட்டினார். ஆனால் நான் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் சத்தம் தெருமுனையில் கேட்டது. மெதுவாக, ஒரு நடை வேகத்தில் வந்துகொண்டிருந்தது. மதினி ஏற்கனவே வாசலில் நின்றார், கையில் ஆவி பறக்கும் டம்ளர். ஆட்டோ எங்கள் வாசலுக்கு நேராக நின்றது. அதே நொடியில் ஒலிபெருக்கியில் பழைய கேட் கிறீச்சிட்டது. எதிரே புதிய கேட் அசையாமல் இருந்தது.

"ஏட்டி, செத்த தண்ணி கொண்டா."

அத்தனை நாளில் அந்த வார்த்தை எங்கள் வாசலில் சரியாக விழுந்தது அன்றுதான். டிரைவர் அதற்காகவே வண்டியை உருட்டி வந்திருக்க வேண்டும். மதினி டம்ளரை நீட்டினார். டிரைவர் கையை மடக்கிக்கொண்டார்.

"வேண்டாம்மா. இது எனக்குள்ளது இல்ல."

அவர் ஒலிபெருக்கிப் பெட்டியை நிறுத்தினார். வண்டியைத் திருப்பிக்கொண்டு சத்தமில்லாமல் போனார். ஆறு மணி ஆகியிருந்தது. ஊரில் இருந்த எல்லா ஒலிபெருக்கிகளும் நின்றிருந்தன. அவ்வளவு அமைதியை நான் எங்கள் தெருவில் கேட்டதில்லை. மதினி டம்ளரைக் காம்பவுண்ட் சுவர் மேல் வைத்தார்.

இனியும் மறைக்க முடியாது என்று நினைத்தேன். "மதினி, அண்ணன் கடைசியில..."

"தெரியும் தம்பி. மைக்கு பிடிக்க மாட்டேன்னுட்டாக. தொண்டைக்கு என்ன, வீட்டுல என்னைய ஏசும்போது நல்லாத்தான இருந்துச்சு?" சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். "அந்தப் பேரை அவிய சொல்லல. வேற எவனோ சொல்லுதான். அவிய எங்கிட்டக் கேட்டது தண்ணி மட்டுந்தான்."

"அப்ப வெள்ளிக்கிழமை..."

"அது எம் பாடு." என் பக்கம் திரும்பினார். "இருவது வருசம் அவியளுக்குத் தண்ணி குடுத்தேன். ஓட்டும் குடுத்தேன்னு யாரு சொன்னா? நீங்க அவிய சொன்ன எடத்துலயா அழுத்திக்கிட்டு வந்தீக?"

அவர் சிரித்தபடி உள்ளே போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தனை வருடமும் எங்கள் வீட்டில் அந்தக் குரலைக் கேட்டு ஓட்டுப் போட்டவன் நான் ஒருவன்தான். வெள்ளிக்கிழமை ஓட்டுச்சாவடியில் அந்த மறைப்புத் தட்டிக்குப் பின்னால் போய் நிற்கும்போது என் காதில் என்ன கேட்கும் என்று யோசித்துப் பார்த்தேன். கேட் கிறீச்சிடுவது மட்டும்தான் கேட்டது.

டம்ளரை யாரும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. கீழே ஊற்றவும் மனம் வரவில்லை, உள்ளே கொண்டுவரவும் தைரியம் இல்லை.

மறுநாள் விடிந்ததும் மோட்டார் போடுவதற்கு முன் வாசலுக்குப் போனேன். டம்ளர் வைத்த இடத்தில், வைத்த அளவில் இருந்தது. மேலே ஓர் எறும்பு மிதந்தது. அதை விரலால் எடுத்துப் போட்டேன். தண்ணீர் குளிர்ந்து கிடந்தது, சுக்கு அடியில் தங்கியிருந்தது. நின்றபடியே முழுவதும் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.